பயிற்சியில் வருவது போட்டியில் ஏன் வருவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்: தற்காப்புக் கலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போட்டி முடிந்த கையோடு எழுதப்பட்டவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, போட்டி நேரத்து மன அழுத்தத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஆரம்பப் பள்ளிக் காலத்திலிருந்து கராத்தே பயில்கிறாள். மண்டபத்தில் தன்னைவிடப் பெரிய பையன்களையே திணறடிக்கிறாள். ஆனால் ஈப்போவில் போட்டி என்று போனால், களத்தில் ஏறியதும் கால் நகர்வதில்லை. தன்னைவிடத் திறமை குறைந்தவர்களிடம் தோற்றுவிட்டு, "எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை அம்மா" என்று அழுகிறாள். அவளுக்குத் தைரியம் இல்லையா? கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியும் பார்த்துவிட்டோம்.
— ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குத் தைரியக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தைரியம் இல்லாத பிள்ளை, தோற்று அழுத பிறகும் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காது. அவளுக்கு நேர்வது வேறு. உடல் ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் சில்லிடுகின்றன, தோள் இறுகுகிறது, நாக்கு வறண்டுபோகிறது. உலக வெற்றியாளர்களுக்கும் இவை வருகின்றன. இவற்றால் மட்டும் யாரும் தோற்பதில்லை. எதிரில் நிற்பவளின் தோளையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கவனம், "என் கால் சரியாக இருக்கிறதா, குத்து வருமா, மாஸ்டர் என்ன நினைப்பார்" என்று தன் பக்கமே திரும்பிவிடும் அந்த நொடியில்தான் ஆட்டம் கைநழுவத் தொடங்குகிறது. குத்தும் உதையும் ஆண்டுக் கணக்கில் பழகித் தானாக வரும் அசைவு. படியிறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் இடறுவதைப் போல, அதைத் துண்டு துண்டாக மேற்பார்வை செய்யப் புகுந்தால் தடுமாறிவிடும். அவளுடைய வயதுப் பிரிவில் ஒரு சண்டைக்கு 2 நிமிடமே நேரம். தொடக்கத்தில் சில விநாடிகள் இப்படித் தனக்குள்ளேயே மூழ்கியிருந்தால் போதும், எதிராளி முதல் புள்ளியை எடுத்துவிடுவாள். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் வெற்றியைத் தரும் சென்ஷு என்ற சலுகையும் அவளுக்கே போய்விடும்.

இதற்கு மருந்து உண்டு. ஆனால் அது வீட்டில் சொல்லும் புத்திமதியில் இல்லை, பயிற்சி மண்டபத்தில் இருக்கிறது. சியான் பைலாக், தாமஸ் கார் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளப் பழகியவர்களுள் ஒரு பிரிவினர் முதலிலிருந்தே ஒளிப்பதிவுக் கருவியின் முன் பழகினர். பின்னர் நெருக்கடி கொடுத்துச் சோதித்தபோது, தனிமையில் பழகியவர்கள் சறுக்கினார்கள். கருவியின் முன் பழகியவர்கள் சறுக்கவில்லை. நெதர்லாந்தில் ரவூல் அவுடயான்ஸ் காவல் துறையினரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அட்டைப் பதுமையைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகியவர்களின் குறி, எதிராளி திருப்பிச் சுடும் சூழ்நிலையில் தவறியது. சாயம் நிறைந்த தோட்டாக்களால் திருப்பிச் சுடும் எதிராளியோடு பழகியவர்களின் குறி அந்தச் சூழ்நிலையிலும் நிலைத்தது. நம் பிள்ளைகளோ வாரம் முழுவதும், தெரிந்த முகங்களுக்கு நடுவே, தெரிந்த தரைவிரிப்பில், தோற்றால் ஒன்றும் குறையாத சண்டைகளை மட்டும் போட்டுவிட்டு, அந்நியர் நிறைந்த அரங்கில் முதன்முறையாக அழுத்தத்தைச் சந்திக்கிறார்கள். இதை மாற்றாமல் பிள்ளையின் மனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

உங்கள் மகளின் மாஸ்டரிடம் இதைக் காட்டிப் பேசுங்கள். வாரத்தில் ஒரு மாலையைப் போட்டி மாலையாக ஒதுக்கச் சொல்லுங்கள். அன்று பிள்ளைகள் உடலைச் சூடேற்றிவிட்டு உடனே மோதக் கூடாது. கையுறை, கால் காப்பு, பல் காப்பு எல்லாவற்றோடும் சுவரோரம் அமர்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் உண்மையான போட்டியில் பிள்ளைகளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புத்தான். பிறகு முழுப் பெயரைச் சொல்லி அழைத்து, சிவப்பு அல்லது நீல இடைவாரைக் கட்டி, கோட்டில் நிறுத்தி வணங்கச் செய்ய வேண்டும். ஒரு கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கட்டும். பெற்றோர் சிலர் வந்து அமர்ந்து எதிராளியின் பெயரைச் சொல்லிக் கத்தட்டும். ஒரு நாள் 0–2 என்று பின்தங்கிய நிலையில், 30 விநாடி மட்டும் மீதி வைத்து ஆட்டத்தைத் தொடங்கட்டும். இன்னொரு நாள் நடுவராக நிற்பவர் வேண்டுமென்றே ஒரு தவறான தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, அவள் அதைத் தாங்கிக்கொண்டு கோட்டுக்குத் திரும்புகிறாளா என்று பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கட்டாமல், ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். முடிந்ததும் யார் ஜெயித்தார் என்று கேட்காமல், "ஹஜிமே (தொடங்கு) என்று நடுவர் சொன்னபோது உன் கண் எங்கே இருந்தது?" என்று கேட்பது நல்லது. "அவளுடைய தோளில்" என்று என்றைக்கு யோசிக்காமல் பதில் வருகிறதோ, அன்றைக்குப் பாதி வேலை முடிந்தது.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். நம்பிக்கையோடு கட்டியதை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் களத்தின் ஓரத்தில் நடுவர் கழற்றச் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் கழற்றினால் அதுவே அவளைக் கலங்கடிக்கும். அதனால் முதல் நாளே அதை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். களத்தில் ஏறும் முன் "பயப்படாதே, அமைதியாக இரு" என்று எத்தனை முறை சொன்னாலும் பலனில்லை. சிலர் உறைந்துபோகிறார்கள், சிலர் வெறி பிடித்தது போல் அடித்துத் தண்டனைப் புள்ளி வாங்குகிறார்கள். கடைசி நிமிடங்களில் என்ன சொல்ல வேண்டும்?
— ஒரு பயிற்றுநர், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: மாஸ்டர், நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அமைதியாக இரு என்றால், அதனால் முடியாத ஒன்றைக் கேட்கிறோம், முடியவில்லையே என்பதும் சேர்ந்து இன்னொரு பயமாகிவிடுகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவதற்கும் பாடுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது தற்காப்புக் கலையில் செய்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் காரணம் இங்கும் பொருந்துகிறது. பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடலில் படபடப்பு ஒன்றே. அதை அடக்கப் பார்ப்பதைவிட அதற்கு வேறு பொருள் கொடுப்பது எளிது. "உடம்பு தயாராகிவிட்டது, அதனால்தான் நெஞ்சு அடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே பேச்சுப் பொருந்தாது. யூரி ஹானின் என்ற உளவியலாளர் விளையாட்டாளர்களை ஆராய்ந்து வகுத்த கருத்துப்படி, நன்றாக ஆடுவதற்கு ஏற்ற பதற்றத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் துள்ளிக் குதித்து, தொடையில் தட்டிக்கொண்டு வந்தால்தான் ஆடுவான்; மற்றவன் மூலையில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தால்தான் ஆடுவான். ஒவ்வொரு பிள்ளையும் தனது சிறந்த ஆட்டத்துக்கு முன் எப்படி இருந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த நிலைக்குக் கொண்டுவருவதே உங்கள் வேலை. உறைந்துபோகிற பிள்ளையை எழுப்பிக் கால் மாற்றிக் குதிக்கச் செய்யுங்கள். கொதிக்கிற பிள்ளையை உட்காரவைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடச் சொல்லுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். இதையும் வீட்டிலும் மண்டபத்திலும் முன்பே பழகியிருக்க வேண்டும். அரங்க வாசலில் புதிதாகக் கற்பிக்க முடியாது.

கொதிக்கிற பிள்ளையிடம் "விடாதே, அடி" என்று சொல்வதை நீங்கள் நிறுத்தியே ஆக வேண்டும். தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில் நடந்த ஆண்களின் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் கராத்தே இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். சவூதி அரேபியாவின் தாரிக் ஹமீதி 4–1 என்று முன்னிலையில் இருந்தார். அவருடைய ஓர் உதை கட்டுப்பாட்டை மீறி எதிராளியின் கழுத்தில் இறங்கியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மயங்கித் தூக்குக் கட்டிலில் கொண்டுசெல்லப்பட்ட ஈரானியர் சஜாத் கஞ்சாதேவுக்குத் தங்கம் கிடைத்தது. கையை நிறுத்தத் தெரிவதும் கராத்தேயில் திறமையே. அழுத்தத்தில் முதலில் போவது அதுதான்.

களத்தோர நாற்காலியில் அமர்ந்த பிறகு ஒரே ஒரு கட்டளை போதும். அது செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "பின்னால் போகாதே" என்பதைவிட "முன்காலைத் தட்டு" என்பது காதில் ஏறும். நாம் நான்கு பேர் நான்கு பக்கமிருந்து நான்கு விதமாகக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பிள்ளையும் ஆட முடியாது.

கேள்வி: எனக்கு நீல இடைவார் வந்தாலே தோல்விதான். சிவப்புக் கட்டியவர்கள்தாம் ஜெயிக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— படிவம் 3 மாணவர்

பதில்: தம்பி, இந்தப் பேச்சு முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ஏதென்ஸ் 2004 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, தேக்குவாண்டோ, இருவகை மல்யுத்தம் ஆகியவற்றில் சிவப்பு அணிந்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காட்டு ஆட்டங்களில் வென்றார்கள் என்று ரஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள். 2008-இல் ஜெர்மனியில் 42 தேக்குவாண்டோ நடுவர்களிடம் சண்டைக் காட்சிகளைக் காட்டி, அதே காட்சிகளின் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றியபோது, சிவப்பில் தெரிந்தவருக்குச் சராசரியாக 13 விழுக்காடு கூடுதல் புள்ளி கிடைத்தது. ஆகவே நடுவரின் கண்ணிலும் கொஞ்சம் இருக்கலாம். பிந்தைய ஆய்வுகள் எல்லாம் இதை அதே அளவில் உறுதிப்படுத்தவில்லை. தேக்குவாண்டோவில், 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து, உதை பட்டதைத் தானே பதியும் மின்னணுக் காப்புக் கவசமும் வந்துவிட்டது. உன்னிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: குலுக்கலில் வருவதை நீ மாற்ற முடியாது. பயிற்சியில் தொடர்ந்து நீலத்தையே கட்டி ஆடு. நடுவரின் கண் சந்தேகப்படாதபடி, குத்திய கையை உடனே இழுத்து, உரக்கக் குரல் கொடுத்து, தெளிவாக முடி.

கேள்வி: நான் செம்பனை லாரி ஓட்டுகிறேன். என் மகனுக்கு 13 வயது. தேக்குவாண்டோவில் நன்றாக வருகிறான். கடன் வாங்கித்தான் கவசமும் காலணியும் எடுத்துக் கொடுத்தேன். இப்போது "அப்பா, நீங்கள் போட்டிக்கு வராதீர்கள்" என்கிறான். மனம் வலிக்கிறது. போகலாமா, கூடாதா?
— ஒரு தந்தை

பதில்: ஐயா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. அவன் உங்களை வெறுத்து அப்படிச் சொல்லவில்லை. உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன். நம் தோட்டத்துப் பிள்ளைகள் களத்தில் தனியாக ஏறுவதில்லை. வேனுக்குப் பணம் போட்டவர்கள், ஆலய நிர்வாகத்தின் அன்பளிப்பு, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் பாராட்டு, "தங்கத்தோடு வா" என்று கடைத்தெருவில் சொன்னவர்கள், அப்பாவின் கடன் எல்லாம் கூடவே ஏறுகின்றன. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் என்ற இடம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். அங்கே நம் பிள்ளை ஓர் நாள் நாட்டுக்காக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த ஆசையை 13 வயதுத் தோளில் முழுதாக ஏற்றக் கூடாது.

முதலில், கடனைப் பற்றி அவன் காதுபட இனிப் பேச வேண்டாம். பிறகு அவனிடமே கேளுங்கள்: "நான் வந்தால் எங்கே உட்கார வேண்டும், என்ன செய்ய வேண்டும்?" பெரும்பாலும், பின்வரிசையில் கத்தாமல் உட்காருங்கள் என்ற அளவில்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதை அப்படியே கடைப்பிடியுங்கள். இந்த முறை வேண்டவே வேண்டாம் என்றால், இந்த முறை வீட்டிலிருங்கள். அடுத்த முறை அவனே அழைக்கக்கூடும்.

திரும்பி வரும் வண்டியில் ஆட்டத்தை அலசாதீர்கள். தோற்ற பிள்ளைக்குத் தன் தவறு முன்பே தெரியும். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் அதைத் திரும்பக் கேட்டால், அடுத்த களத்தில் அந்தக் குரல் முன்னால் வந்து நிற்கும். ரொட்டி சானாய் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு, அவனாகப் பேசினால் மட்டும் கேளுங்கள். ஜெயித்த நாளிலும் இதே முறைதான். ஜெயித்தால் ஒரு தகப்பன், தோற்றால் இன்னொரு தகப்பன் என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. நுட்பக் குறைகளை இரண்டு நாள் கழித்து மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: சிலம்பத் தனித்திறன் பிரிவில் ஆடும்போது கம்பு நழுவி விழுந்தது. எடுத்துச் சுற்றினேன், ஆனால் அதன் பிறகு ஒன்றுமே சரியாக வரவில்லை. இடது கையை இறுக்கினால் பதற்றம் குறையும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது சரியா?
— படிவம் 4 மாணவி

பதில்: தங்கையே, கம்பு நழுவியது ஒரு தவறு, அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்தவை. மீள்வதையும் பயிற்சியாகச் செய்ய வேண்டும். மாஸ்டரிடம் சொல்லி, நீ ஆடிக்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பின்றிக் கம்பைத் தட்டிவிடச் செய். "கம்பு விழுந்தால், ஒரு மூச்சை விட்டபடி எடுப்பேன், அலங்கார வீச்சிலிருந்து தொடர்வேன்" என்று, விழுந்தால் என்ன செய்வாய் என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாக முடிவு செய்து வைத்துக்கொள். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய அவசியம் இராது. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடரத் தெரிவதற்காக, வரிசையை நடுவிலிருந்து தொடங்கியும் ஆடிப் பழகு. தொடக்கத்திலிருந்து மட்டுமே ஆடிப் பழகியவர்கள் அறுந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இடது கைச் செய்தி ஜெர்மனியில் யூர்கன் பெக்மனும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வலது கைப் பழக்கமுள்ள கால்பந்து, தேக்குவாண்டோ, பூப்பந்து ஆட்டக்காரர்கள், ஆடும் முன் இடது கையில் ஒரு மென்பந்தைப் பிசைந்தபோது, அழுத்தத்திலும் அவர்களுடைய திறன் சரியவில்லை. அளவில் சிறிய ஆய்வு அது. ஆனால் செய்து பார்ப்பதில் தீங்கில்லை. ஒன்றை மட்டும் கவனி: கம்பைப் பிடித்த பிறகு இறுக்காதே, முறை வருவதற்கு முன், காத்திருக்கும்போது செய். இறுகிய பிடியில் கம்பு சுழலாது.

கேள்வி: நான் 58 கிலோ. 55 கிலோ பிரிவில் ஆடினால் பதற்றம் இராது என்று நண்பன் சொன்னதால், எடை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தண்ணீர் குடிக்காமல், மழைக்கோட்டு அணிந்து மத்தியான வெயிலில் திடலைச் சுற்றி ஓடினேன். எடை இறங்கியது. ஆனால் களத்தில் தலை சுற்றியது, எரிச்சல் வந்தது. என் மன வலிமை போதவில்லையா?
— படிவம் 5 மாணவர்

பதில்: தம்பி, இதில் மன வலிமைக்கு இடமே இல்லை. நீர் வற்றிய உடலில் இரத்த ஓட்டம் குறைகிறது, உடல் வெப்பம் ஏறுகிறது, கவனம் சிதறுகிறது, கோபம் சட்டென்று வருகிறது. தெம்பாக இருக்கும்போது தாங்கக்கூடிய அழுத்தத்தையும் அந்த நிலையில் எவராலும் தாங்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இதே முறையில், காற்றுப் புகாத உடை அணிந்து வியர்வை சிந்தி எடையைக் குறைக்க முயன்று இறந்துபோனார்கள். அதன் பிறகே அங்கே அந்த உடையைத் தடை செய்து விதிகளை மாற்றினார்கள். அவர்கள் பழகியது குளிர்காலத்தில், உள்ளரங்கில். நீ ஓடியது நம் ஊர் வெயிலில்.

இனி ஒருபோதும் இதைச் செய்யாதே. இந்த வாரமே உன் மாஸ்டரிடமும் வீட்டிலும் நடந்ததைச் சொல். தலைசுற்றல் இன்னும் இருந்தால் கிளினிக்குக்குப் போய்க் காட்டு. வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. அடுத்த போட்டிக்கு உன் உண்மையான எடைக்குரிய பிரிவில் பெயர் கொடு. அங்கே எதிராளிகள் உன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பார்கள் என்பதால், இப்போதிருந்தே வகுப்பில் உன்னைவிட மூன்று, நான்கு கிலோ கூடுதலானவர்களோடு ஜோடி சேர்த்துவிடும்படி கேள். போட்டி நாள் காலையில் சோறோ ரொட்டியோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் எதையாவது நேரத்தோடு சாப்பிடு. தண்ணீரை ஒரே மடக்கில் குடிக்காமல், எழுந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு.